சாமி வந்தாச்சு என்று நான் சொன்னது

எங்கள் மேளக் குழுவில் பல வருடங்களாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அருள் வரவைக்கிற மேளம் செத்துப்போய்விட்டதா, இல்லை சட்டையை மாற்றிக்கொண்டு வேறு எங்கேயோ போய் நிற்கிறதா என்பதுதான் சண்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கோப்பிக்கடையில் அது தொடங்கும். செத்துப்போச்சு என்று உடுக்கைக்காரர் சொல்வார். சட்டைதான் மாறியிருக்கு என்று உறுமிக்காரன் சொல்வான். நான் பம்பை. கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்ந்துவிடுவேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தாலும் இரண்டு பேரும் என்னையே நடுவராக வைத்துக்கொண்டார்கள். என் தீர்ப்பை மட்டும் இருவரும் மதித்ததில்லை.

இப்போதைய பிள்ளைகள் டிரான்ஸ் மியூசிக் என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அது அழிகிறதா, வளர்கிறதா என்று அவர்களுக்குள்ளும் சண்டை நடக்கிறதாம். அந்த மியூசிக் எனக்குத் தெரியாது. எங்கள் சண்டை ஒரு பெண்ணின் தலையில் போய் விழுந்தது தெரியும். விழ வைத்தவன் நான்தான் என்பதால் அதை எழுதுகிறேன்.

உடுக்கைக்காரர் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கியவர், எங்களில் மூத்தவர். உறுமிக்காரன் என் வயது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியிலிருந்து அவன் எழுப்புகிற சத்தம், கட்டிப்போட்ட மாடு ஒன்று பக்கத்து வீட்டில் முனகுவதுபோல இருக்கும். அவன் பிறவிக் கத்தோலிக்கன். சட்டைக்குள் சிலுவை தொங்க, அம்மன் கோயில்களில் வாசிப்பான். "உங்க மாதா கோச்சுக்க மாட்டாங்களா?" என்று உடுக்கைக்காரர் கிண்டல் செய்தால், "மாதாவுக்குத் தெரியாத மேளமா, அண்ணே?" என்பான்.

நான் அப்போது கெர்பாவ் சாலையில் ஓர் அரிசிக்கடையின் மாடியில் பதினோரு பேரோடு படுத்திருந்தேன். அதற்கு முன்னால் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒரு வருடம் பால் வெட்டினேன். அதற்குப் பின்னால் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன். அங்கே பாரம் தூக்குகிற ஒரு விஞ்சில் சிக்கி இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. பம்பைக் குச்சியைப் பிடிக்க மற்ற விரல்கள் போதுமாக இருந்தன.

எழுபதுகளின் தொடக்கத்தில், தைப்பூச ஊர்வலத்தில் சாலையில் மேளம் கூடாது என்று ஆனது. கோயிலுக்கு உள்ளே வாசிக்கலாம், வெளியே கூடாது. அந்த வருடம் மேளம் இல்லாமல் சிராங்கூன் சாலையில் காவடிகள் போவதை ஓரமாக நின்று பார்த்தோம். உடுக்கைக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நான் பார்த்தது வேறு. காவடியைச் சுற்றி நடந்த ஆட்கள் கை தட்டினார்கள். ஒருவன் பால் டின்னைத் தட்டினான், போலீஸ் பக்கத்தில் வந்ததும் அதைப் பைக்குள் போட்டுவிட்டு வாயால் தட்டினான். எல்லாத் தட்டிலும் ஓர் இடம் காலியாக இருந்தது. அதை எங்கள் குழுவில் பள்ளம் என்போம். இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி, பிறகு ஒன்றும் இல்லாத ஓர் இடம். ஐந்து தடவை சரியாக வந்து ஆறாவது தடவை அந்த இடம் கொஞ்சம் நீளும். கேட்டுக்கொண்டிருப்பவர் அடுத்த அடி எங்கே என்று மனசால் காலை நீட்டுவார், அங்கே படி இருக்காது. அருள் வருகிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் வரும். சாமி அடியில் வராது, பள்ளத்தில்தான் வரும் என்பது நாங்கள் கண்டது. அன்றைக்கு வெறும் கைத்தட்டலில் ஒரு காவடிக்காரர் சன்னதம் கொண்டு சுழன்றதை நானும் உறுமிக்காரனும் பார்த்தோம். உடுக்கைக்காரர் துண்டை எடுக்கவில்லை. "நான் பாக்கலை. பாக்காததைப் பத்திப் பேச மாட்டேன்" என்றார். சண்டை அன்றைக்குத்தான் தொடங்கியது.

அதற்கு அடுத்த வருடமோ என்னவோ, புக்கிட் பாஞ்சாங் கம்பத்து வீடுகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அம்மன் கோயிலில் வாசித்தோம். வாசிப்பின் பாதியில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. இருபது வயது இருக்கும். அழகாக ஆடினாள் என்று சொல்லக் கூடாது, சாமிக்கு அழகு என்ன? அவள் ஆடியபோது சுற்றி நின்றவர்கள் தங்கள் பேச்சை விட்டுவிட்டார்கள். உறுமிக்காரனுக்குக் கை நிற்கவில்லை. உடுக்கையும் பம்பையும் ஓய்ந்த பிறகும் அவன் குனிந்துகொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வருடம் கழித்து அவளைக் கட்டிக்கொண்டான். அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டாள். அதனால் அவன் எனக்கு மச்சான் ஆனான்.

"அன்னைக்கு நான் அடிச்சேன், அவ ஆடினா. இப்போ அவ பேசுறா, நான் ஆடுறேன்" என்று கோப்பிக்கடையில் சொல்வான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு அருள் வரவில்லை. எட்டு வருடம். அவள் கோயில்களுக்கு வரவில்லை, மேளம் கேட்கவில்லை. ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீடு கிடைத்துப் போனார்கள். பக்கத்திலேயே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவள் வேலை செய்தாள், நாள் முழுக்க ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பார்த்துக்கொண்டு தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிற வேலை. அவர்கள் போன கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் அவளை யாரும் தவறாக நடத்தவில்லை. ஆனால் அவளைப் பற்றிப் பேசும்போது "அந்த இந்துப் பொண்ணு" என்றார்கள். எட்டு வருடமும் அப்படித்தான் சொன்னார்கள். செபமாலையை அவர்களைவிட வேகமாகச் சொல்லக் கற்றுக்கொண்ட பிறகும் அப்படித்தான்.

பாட்டால்தான் அது மாறியது. அந்தக் காலத்தில் கத்தோலிக்கக் கோயில்களில் புது விதமான ஜெபக்கூட்டங்கள் வந்தன. பூசை மாதிரி இல்லை. கிடார், கைத்தட்டல், கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கிப் பாடுவது. சிலர் நடுங்குவார்கள், சிலர் யாருக்கும் புரியாத பாஷையில் பேசுவார்கள். பரிசுத்த ஆவியின் வரம் என்றார்கள். என் மச்சான் உறுமியை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, கிடார் கற்றுக்கொண்டு அங்கே வாசிக்கப் போனான். "அலமாரி மேல பொணத்தை வச்சிக்கிட்டு எப்படிடா தூங்குறே?" என்று உடுக்கைக்காரர் கேட்டார். அவன் மனைவி கூடப் போனாள், பாட ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் பாடினார்கள். "அந்த இந்துப் பொண்ணு" என்பது நின்று, "நம்ம பாட்டுக்காரம்மா" ஆனது. அதை அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குக் கோயில் சாமியார் வருகிறார், நீயும் வா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்குக் கூப்பிட்டார்கள். ஜெபக்கூட்டத்தையும் அங்கேயே வைத்திருந்தார்கள். எட்டாவது மாடி. லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். ஒன்பதில் இறங்கி ஒரு மாடி கீழே நடந்து போனேன். பதினைந்து பேர் இருந்தார்கள். எனக்குத் தெரிந்தவர், சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் மட்டும். ஆபீஸ் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், இஸ்திரி கலையாத மனிதர். என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, "உள்ள வாங்க லா, வெளியாள் மாதிரி நிக்காதீங்க" என்றார். நான் வாசலிலேயே, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அது வசதி.

சாமியார் வரும்வரை பாடலாம் என்று தொடங்கினார்கள். இரண்டு பாட்டு ஒன்றும் இல்லை. மூன்றாவது பாட்டில் என் காது நிமிர்ந்தது. வார்த்தைகள் கர்த்தரைப் பற்றித்தான். கிடார் மட்டும் வேறு எதையோ சொன்னது. இரண்டு சின்னது, ஒரு பெரியது, பிறகு வலது உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி ஓர் ஓய்வு. திரும்ப. திரும்ப. ஆறாவது தடவை அந்த ஓய்வு நீண்டது. கூடத்தில் பதினைந்து பேரும் தட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவன் குனிந்துகொண்டு, புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த அதே குனிவில், வாசித்துக்கொண்டிருந்தான்.

அவள் தோள் முதலில் நடுங்கியது. கூந்தல் அவிழ்ந்தது. கண் மேலே போனது. சுற்றி இருந்தவர்கள் பயப்படவில்லை, அப்படி நடுங்குகிறவர்களை அவர்கள் வாரா வாரம் பார்த்தவர்கள். ஒரு அம்மா "தோத்திரம், தோத்திரம்" என்றுகூட மெதுவாகச் சொன்னார். அதோடு போயிருக்கும். ஆவியானவர் வந்தார் என்று எல்லாரும் சந்தோஷமாகக் கேக் சாப்பிட்டுப் போயிருப்பார்கள்.

நான் எழுந்து நின்று, "சாமி வந்தாச்சு, வழி விடுங்க" என்று கத்தினேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. பன்னிரண்டு வருடம் மேளம் அடித்தவன் வாயில் அது தானாக வரும். அருள் வந்தவர் கையைக் காலை இடித்துக்கொள்ளாமல் இருக்க, சுற்றி நிற்பவர்களை விலக்கச் சொல்வது. ஆனால் அது கத்தோலிக்கர் வீடு. அவர்களுக்குச் சாமி என்றால் சாமியார். அடுப்படியில் இருந்த பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவர் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார். உபதேசியார் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். எல்லாரும் வாசல் பக்கம் திரும்பி, ஒரே குரலில், "தோத்திரம் சாமி" என்றார்கள். வாசலில் நான்தான் நின்றேன்.

பிறகு ஒவ்வொருவராக என் கண் போன திசையில் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூடத்தின் நடுவில் சுழன்றுகொண்டிருந்தாள். நான் எந்தச் சாமியைச் சொன்னேன் என்பது அவர்களுக்குப் புரிந்தது. உபதேசியாரின் முகத்தில் அது புரிகிற நேரத்தை நான் பார்த்தேன். கோபம் இல்லை, பயம்.

கிடார் நின்றது. அவள் உட்கார்ந்தாள், தண்ணீர் கேட்டாள். கொடுக்க ஒருவரும் நகரவில்லை. நான்தான் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். குடித்துவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க? சாமி வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் உண்மையான சாமியார் வியர்த்துக்கொண்டு உள்ளே வந்தார். ஐந்தாம் மாடியில் இறங்கி ஏறி வந்திருக்கிறார். வீடு மந்திரிக்கப்பட்டது. தீர்த்தம் தெளிக்கும் சத்தம்கூடக் கேட்டது, அவ்வளவு அமைதி. கேக்கை யாரும் வெட்டவில்லை.

நான் அப்போது துவாஸில் கடலைத் தூர்க்கிற வேலையில் இருந்தேன். தகரக் கொட்டகையில் தங்கல், குளிக்கத் தண்ணீர் லாரியில் வரும். பத்து நாள் கழித்து மச்சான் மூன்று பஸ் மாறி அங்கே வந்து சேர்ந்தான். மண் மேட்டில் உட்கார்ந்தோம்.

"நீ ஒரு வார்த்தை சொன்னே, மச்சான். நாலு குடும்பம் ஜெபக்கூட்டத்துக்கு வர்றதில்லை."

"தங்கச்சி?"

"பாடக் கூடாதுன்னுட்டாரு உபதேசியாரு. வந்தது யாருன்னு தெரியற வரைக்கும். ஓட்டணும்னு சில பேர் பேசுறாங்க."

"எதை ஓட்டணும்?"

"என்னைக் கேக்கிறியே. சாமின்னு சொன்னவன் நீதானே."

அவனே சொன்னான். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். முன்னெல்லாம் துணி காயப்போடும்போது முணுமுணுவென்று ஏதாவது பாடுவாள், இப்போது அதுவும் இல்லை. போன ஞாயிறு பூசையில் ஒரு கிழவி அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். "இந்துப் பொண்ணாவே இருந்திருக்கலாம் போல. இப்ப பேய்ப் பொண்ணு" என்று வீட்டுக்கு வந்து தங்கச்சி சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் அவன் பஸ் ஏறியிருக்கிறான்.

"ஒண்ணு கேக்கிறேன்" என்றேன். "அந்தப் பள்ளத்தை வேணும்னே விட்டியா?"

வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கையைத்தான் கேக்கணும். சத்தியமா எனக்குத் தெரியாது."

சாமியார் இதை விசாரிக்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தார், என்னையும். மச்சானின் யோசனை எளிமையானது. சாமி வந்தாச்சு என்று நான் சொன்னது சாமியாரைத்தான் என்று சொல்லிவிட வேண்டும். அப்படியென்றால் அவளுக்கு வந்தது மற்றவர்களுக்கு வருவதுபோல ஆவிதான், பிரச்சினை தீர்ந்தது. "ஒரு பொய் லா, மச்சான். நீ சொல்லாத பொய்யா?" என்றான். சரி என்றேன். சொல்லியிருக்கிறேன்தான்.

ஞாயிறு பூசை முடிந்து, சாமியார் தங்குகிற பங்கு வீட்டில் உட்கார்ந்தோம். சாமியார், உபதேசியார், மச்சான், அவள், நான். சாமியார் பினாங்குப் பக்கம் தோட்டத்தில் பிறந்த தமிழர், பருத்த மனிதர், மூச்சு வாங்கும். விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, "நீங்கதான் கத்தினவரா?" என்று கேட்டார்.

"ஆமா சாமி."

"யாரைச் சொன்னீங்க?"

"உங்களைத்தான் சாமி. நடைபாதையிலிருந்து எட்டிப் பாத்தேன். கீழ நீங்க கார்லேருந்து இறங்கினீங்க."

சாமியார் என்னை அன்பாகப் பார்த்தார். "நான் பஸ்ஸுல வந்தேன்" என்றார்.

உபதேசியார் பெருமூச்சு விட்டார். மச்சான் தரையைப் பார்த்தான். பொய் சொல்வதற்கு முன்னால் பஸ்ஸா காரா என்று விசாரித்திருக்க வேண்டும். எனக்கு வேறு வழி இல்லை, உள்ளதைச் சொன்னேன். பழக்க தோஷத்தில் கத்தியது, அது எங்கள் மேளக்காரர்கள் வழக்கு, அவளுக்கு வந்தது அம்மனா ஆவியா என்று எனக்குத் தெரியாது, பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றேன்.

"ஒண்ணுபோல இருந்தா ஒண்ணாகிடாது" என்றார் உபதேசியார். குரல் உயரவில்லை. "சாமி, எனக்கு இந்தப் பொண்ணு மேல கோபம் இல்லை. என் மகளைவிட நல்லாப் பாடுது. ஆனா நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? எங்க வீட்டுப் பெரியவங்க இதையெல்லாம் விட்டுட்டுத்தான் இந்த வேதத்துக்கு வந்தாங்க. நான் பின்வாசலைத் திறந்துவிட முடியுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சாமியார் அவளிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. வந்தது யாரு?"

அவள் அதுவரை மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தெரியாது சாமி. வந்தப்போ நான் வீட்டுல இல்லை" என்றாள்.

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை.

"சின்ன வயசுல வந்தப்பவும் அப்படித்தான். அம்மன்னு சொன்னாங்க, நானும் சரின்னேன். இப்ப ஆவின்னாலும் சரிம்பேன். பேருன்னு ஒண்ணு சொல்லிக்கிட்டு யாரும் வரலை சாமி. எல்லாம் முடிஞ்சு கண்ணைத் தொறந்தா, பக்கத்துல இருக்கிறவங்க என்னைத் தொடுவாங்க, தண்ணி குடுப்பாங்க. அதுதான் எனக்குத் தெரியும். இந்தத் தடவை யாரும் கிட்ட வரலை. அண்ணன் மட்டும் தண்ணி குடுத்தாரு."

விசிறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கிடாருக்கும் உங்க மேளத்துக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்லுங்க" என்று சாமியார் என்னிடம் கேட்டார். பேச்சில் சொல்லத் தெரியவில்லை. அவர் மேசையில் தட்டிக் காட்டினேன். இரண்டு சின்னது, ஒரு பெரியது, பள்ளம். விரல் குறைந்த கையாலும் மேசை நன்றாகப் பேசியது. நான்காவது சுற்றில் சாமியார் இரண்டு விரலால் கூடச் சேர்ந்துகொண்டார். ஆறாவது சுற்றில், நான் நீட்டுவதற்கு முன்னாலேயே, அவர் விரல் மேலே நின்றுவிட்டது.

நான் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

"இது எங்க தோட்டத்துச் சப்பர அடி" என்றார் சாமியார். "மாதா சப்பரம் ஆளுங்க குடியிருக்கிற லயத்தைச் சுத்தி வரும். முன்னால தப்பு அடிச்சுட்டுப் போவாங்க. எங்கம்மா நடக்கும்போது ஒரு இடத்துல நின்னுடுவாங்க, கண்ணுல தண்ணி ஊத்தும். நாங்க கையைப் புடிச்சி இழுத்துட்டுப் போவோம்." விரலை மேசையிலேயே வைத்திருந்தார். "உங்ககிட்டேயிருந்து எங்ககிட்ட வந்துச்சா, எங்ககிட்டேயிருந்து உங்களுக்கு வந்துச்சா, தெரியலை."

"தப்பு அடிக்கிறவங்க ரெண்டு வீட்டுக்கும் அடிச்சிருப்பாங்க சாமி" என்றேன். "மச்சான் மாதிரி."

சாமியார் முடிவைச் சுருக்கமாகச் சொன்னார். வந்தது யார் என்று தன்னால் சொல்ல முடியாது, சொல்ல முடியாததற்காக ஒருவர் வாயை மூடவும் முடியாது. "பாடட்டும், உபதேசியாரே. அவ நிறுத்தினா நீங்களும் நானும்தான் பாடணும். கேக்கிறவங்க பாவம்." உபதேசியார் சிரிக்கவில்லை. "உங்க உத்தரவு சாமி" என்றார். அதற்குக் கீழ்ப்படிகிறேன் என்றுதான் அர்த்தம், ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தமில்லை.

இந்தக் கதையைக் கோப்பிக்கடையில் உடுக்கைக்காரரிடம் சொன்னோம். கடைசிவரை கேட்டார். "மேசையில தட்டினா மேளமா? அது மேளத்தோட நிழல்டா" என்றார். "நிழல் விழுதுன்னா ஆள் எங்கேயோ நிக்கிறான்னு அர்த்தம், அண்ணே" என்றான் மச்சான். அவர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "உறுமிச் சத்தத்தை உன் கிடார்ல கேக்க முடியுமா? அதைச் சொல்லு" என்று கேட்டார். கேட்க முடியாது. அந்த முனகல் போனது போனதுதான். பள்ளம் மட்டும்தான் மிஞ்சி, கைக்குக் கிடைத்ததில் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு பேரும் சரி என்று நான் தீர்ப்புச் சொன்னேன். வழக்கம்போல இரண்டு பேரும் தலையாட்டவில்லை.

அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் திரும்பத் தொடங்கியபோது அவள் என்னையும் வரச் சொன்னாள், ஒரு நிபந்தனையோடு. "வாசல்ல உக்காரக் கூடாது, அண்ணே. எம் பக்கத்துல உக்காரணும். கத்தணும்னு தோணினா வாய்ல கேக்கை வச்சிக்குங்க." போனேன். நான்கு குடும்பத்தில் இரண்டுதான் திரும்பி வந்திருந்தன. அவள் குரல் முதல் வாரம் பயந்துகொண்டே வெளியே வந்தது. மச்சான் மரக்கட்டை மாதிரி வாசித்தான், பள்ளம் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு இடத்தையும் அடித்து நிரப்பினான். பாட்டு நொண்டியது. யாருக்கும் ஒன்றும் வரவில்லை, கொட்டாவியைத் தவிர.

அப்படி ஐந்தாறு வாரம் போனது. ஒரு வாரம், எந்தப் பாட்டு என்று நினைவில்லை, கிடார் நிரப்பிக்கொண்டே போக, அவள் ஒரு வார்த்தையைப் பாதியில் நிறுத்தினாள். மூச்சு வாங்கத்தான் நிறுத்தினாள் என்று நினைக்கிறேன். தட்டியவர்கள் கை அவளோடு நின்றது. அடுத்த சுற்றிலும் நின்றது. மச்சானின் உள்ளங்கை தானாகக் கம்பியில் படிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் கேக் எங்கே என்று பார்த்தேன், அது அடுப்படியில் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அவள் தோள் நடுங்கியது. பாட்டு நின்றுவிடும் என்று நினைத்தேன். உபதேசியார் எதிர்ப்பக்கம் கண்ணாடி மேசைக்கு அருகில் நின்று பாடிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பாட்டுப் புத்தகம். பாட்டை நிறுத்தாமல், முகத்தை மாற்றாமல், இன்னொரு கையால் அந்த மேசையைச் சுவரோரம் தள்ளினார். அதன் பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த நாற்காலியைக் காலால் நகர்த்தினார். அடுப்படிக் கதவில் நின்ற தன் மகளிடம் கண்ணால் எதையோ காட்டினார். மகள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள்.